மெலிய வைக்கும் மாவும் கப்சூலும்: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 82 கிலோ. நான்கு வருடங்களாக நீரிழிவு இருக்கிறது; மெற்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்க ஒரு மா, படுக்கும் முன் ஒரு மூலிகைத் தேநீர், கொறுக்காய்ச் சத்து என்று ஒரு கப்சூல் தருகிறார்கள். சோற்றை அடியோடு விடச் சொல்கிறார்கள். 30 நாளில் 10 கிலோ குறையும் என்பது அவர்களுடைய வாக்கு. முதற் கிழமை 3 கிலோ குறைந்தது. அதன்பின் இரண்டு கிழமையாகத் தராசு அசையவில்லை. பகல் பதினொரு மணியளவில் கை நடுங்கி வியர்க்கிறது. அது உடம்பிலுள்ள கழிவு வெளியேறும் அடையாளம் என்று குழுவில் சொன்னார்கள். தொடரலாமா? வெளிநாட்டில் பாவிக்கும் ஊசி இதைவிட நல்லதா?
– ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் செய்தியையே நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உடலின் கழிவை அகற்றுபவை ஈரலும் சிறுநீரகங்களும். அவை தம் வேலையைச் செய்யும்போது எவருக்கும் கை நடுங்குவதில்லை. நீங்கள் எடுக்கும் கிளிக்லசைட், சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வழக்கமாகச் சாப்பிடும் பிட்டையோ இடியப்பத்தையோ விட்டுவிட்டு, ஒரு குவளை மாக் கரைசலை மட்டும் குடித்து, குளிசையை மட்டும் பழைய அளவிலேயே போட்டால், சுரந்த இன்சுலினுக்கு ஈடான உணவு வயிற்றில் இருக்காது; குருதியில் குளுக்கோசு அளவுக்கு மீறி இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, கண் மங்குதல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

ஆகவே இன்றிலிருந்து மூன்று வேளையும் அளவான உணவுக்குத் திரும்புங்கள். குளிசையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் இந்தக் கிழமைக்குள்ளேயே வைத்தியரைப் பாருங்கள். நடுக்கம் வந்தால், வீட்டில் குளுக்கோமீற்றர் இருப்பின் ஊசியால் குத்திப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், அல்லது பார்க்க வசதியில்லையென்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். அளவு 70-க்கு மேல் ஏறாவிட்டால், அல்லது நடுக்கம் குறையாவிட்டால், இன்னொரு முறை குடித்து, பின்பு சாப்பிடுங்கள். நினைவு தடுமாறும் ஒருவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

இனி அந்த 10 கிலோ. இதைச் சரிபார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். உடற்கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கிலோகலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. அதை 30 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 2,500-க்கு மேல். உங்கள் வயதும் உயரமும் நிறையும் உள்ள, அலுவலகத்தில் இருந்து வேலை செய்யும் ஒரு பெண்ணின் உடல் நாள் முழுவதற்கும் செலவழிப்பதே ஏறத்தாழ 2,000 கிலோகலோரிதான். அதாவது, முப்பது நாளும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தொடாமல் இருந்தாலும், அந்த வாக்கைக் கொழுப்பைக் கொண்டு நிறைவேற்ற முடியாது. விற்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவரும் பெரும்பாலும் தமக்குமேல் இருக்கும் இன்னொருவர் அனுப்பிய செய்தியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறார்.

அப்படியானால் முதற் கிழமை போன 3 கிலோ எது? நம்முடைய ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்ற வடிவில் ஏறத்தாழ அரைக் கிலோ மாப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோறு, பாண், இடியப்பம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தும்போது உடல் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது, பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. இந்த ஒரு வழியிலேயே 2 கிலோவுக்குக் கிட்டக் குறையலாம். நாளுக்கு 1,000 கிலோகலோரி குறைவாக உண்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால் கிழமைக்கு 7,000. அதற்கு ஈடாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கொழுப்புப் போயிருக்கும். கூட்டிப் பார்த்தால் உங்களுடைய 3 கிலோ வந்துவிடுகிறது. தண்ணீர் ஒரு முறைதான் அப்படிப் போகும். திரும்ப ஒரு நாள் வயிறாரச் சோறு உண்டால் திரும்பியும் வரும். இரண்டாம் கிழமையில் தராசு நின்றுபோனதற்கு உங்கள் மனவுறுதியில் குறை தேட வேண்டியதில்லை. ஆனால் எல்லா விளம்பரங்களிலும் முதற் கிழமைப் படமே வருவதன் காரணம் இதுதான்.

மாவைப் பற்றிச் சொல்லும்போது நான் நியாயமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உணவுக்குப் பதிலாகக் கரைசல் குடிக்கும் முறைக்கு உண்மையான ஆய்வுச் சான்று இருக்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் நடந்த டிரெக்ட் என்ற ஆய்வின் முதல் வருட முடிவு 2018-இல் லான்செற் சஞ்சிகையில் அச்சாகியது. நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்ட, இன்சுலின் பாவிக்காதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளுக்கு 825 முதல் 853 கிலோகலோரி மட்டுமே தரும் கரைசல்கள் கொடுக்கப்பட்டன. பிறகு படிப்படியாகச் சாதாரண உணவு சேர்க்கப்பட்டது. ஒரு வருட முடிவில் 46 சதவீதமானவர்கள் நீரிழிவு மருந்து எதுவுமின்றிக் கட்டுப்பாடான நிலையில் இருந்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 சதவீதம். நான்கு வருட நீரிழிவு உள்ள உங்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஆய்வில் முதல் நாளிலேயே நீரிழிவுக் குளிசைகளும் இரத்த அழுத்தக் குளிசைகளும் வைத்தியரின் பொறுப்பில் நிறுத்தப்பட்டன, தாதியரோ உணவு ஆலோசகரோ தொடர்ந்து கண்காணித்தார்கள். உங்களுக்குக் கரைசலைத் தந்தார்கள், கண்காணிப்பைத் தரவில்லை. குளிசையைப் பற்றி ஒருவரும் கேட்கவுமில்லை. மாவில் மந்திரம் ஒன்றும் கிடையாது. அது குறைந்த உணவை அளந்து தரும் ஒரு வழி, அவ்வளவே. பேணி எந்த நிறமானாலும் நிறையைக் குறைப்பது உண்ணாமல் விட்ட உணவுதான்.

தேநீரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இவ்வகைத் தேநீர்களில் அடிக்கடி சேர்க்கப்படுவது நிலாவாரை இலை, அது ஒரு பேதிமருந்து. உணவிலுள்ள சக்தி சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். நிலாவாரை வேலை செய்வது அதற்குப் பின்னால் வரும் பெருங்குடலில். ஆகவே காலையில் தராசில் குறைந்து காட்டுவது மலமும் தண்ணீரும். நாட்கணக்கில் தொடர்ந்தால் பொற்றாசியம் குறைந்து, தசைத் தளர்ச்சியும் இதயத் துடிப்பில் கோளாறும் வரலாம்.

கொறுக்காய்க் கப்சூலை நான் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் சமையலறையில் உள்ள பொருள் என்பதாலேயே பலர் அதை நம்புகிறார்கள். மீன் குழம்பில் நாம் போடும் கொறுக்காயும், வெளிநாட்டுப் போத்தல்களில் கார்சீனியா கம்போஜியா என்று எழுதப்பட்டிருப்பதும் ஒரே மரத்தின் காய். அதன் தோலில் ஐதரொட்சி சித்திரிக் அமிலம் உண்டு. மாப்பொருளைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியத்தை அந்த அமிலம் தடுக்கும் என்பது ஆய்வுகூடத்தில் கண்ட உண்மை. எலிகளில் பசியும் நிறையும் குறைந்ததும் உண்மை. விளம்பரம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மனிதரிடம் என்ன நடந்தது என்பதை 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. 135 பேரை இரு பிரிவாக்கி, எல்லோருக்கும் சக்தி குறைந்த ஒரே உணவுமுறையைக் கொடுத்து, ஒரு பிரிவுக்குக் கொறுக்காய்ச் சத்தையும் மற்றப் பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்றுக் குளிசையையும் 12 கிழமைகள் கொடுத்தார்கள். கொறுக்காய் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ. புள்ளிவிபரப்படி இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அல்ல என்பதால், வெற்றுக் குளிசை சிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஒப்பிடுவதற்கு அந்த இரண்டாம் பிரிவு இல்லாதிருந்தால், 12 கிழமையில் 3.2 கிலோ என்று அட்டையில் அச்சடித்து விற்றிருப்பார்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யாக இருந்திருக்காது. உங்கள் குழுவில் வரும் முன்-பின் படங்கள் எல்லாம் இரண்டாம் பிரிவு இல்லாத ஆய்வுகள்தான். செறிவூட்டப்பட்ட கொறுக்காய்க் கப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கைகளும் மருத்துவச் சஞ்சிகைகளில் வந்திருக்கின்றன. குழம்பில் போடும் நாலைந்து துண்டுக்கு இது பொருந்தாது. அதைத் தயங்காமல் போடுங்கள். பச்சைத் தேயிலைக்கும் இதே நியாயம்தான்: குவளையில் குடிப்பதில் அச்சமில்லை, ஆனால் அதன் சாற்றைச் செறிவாக்கிய கப்சூல்களில் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அதன் முக்கியக் கூறு உட்செல்லும்போது ஈரல் நொதியங்கள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018-இல் எச்சரித்தது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது அட்டையில் எழுதப்படாத பொருள். சிபுட்ரமின் என்றொரு பசியடக்கி மருந்து முன்பு வைத்தியச் சீட்டுக்கு விற்கப்பட்டது. மாரடைப்பும் பாரிசவாதமும் கூடுவது தெரியவந்ததால் 2010-இல் ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்பின் அது மூலிகைப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மருந்துக் கலப்படம் உள்ளதாகக் கண்டுபிடித்த 776 சத்துப் பொருட்களில் 317 மெலிவதற்கென விற்கப்பட்டவை. அவற்றில் 269-இல் சிபுட்ரமின் இருந்தது. ஆகவே ஒரு மூலிகைக் கப்சூல் வியக்கத்தக்க வேகத்தில் பசியை அடக்குகிறது என்றால், மூலிகையைப் பாராட்டும் முன் அதை ஐயுற வேண்டும். இலங்கையில் மருந்துகளையும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட உற்பத்திகளையும் 2015-இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பதிவு செய்கிறது. உற்பத்தியாளர் பெயரோ தொகுதி இலக்கமோ காலாவதித் திகதியோ இல்லாமல், பொலித்தீன் பையில் பிரித்துக் கட்டிக் கைமாறும் கப்சூல் எந்தப் பதிவுக்கும் உட்பட்டதாக இருக்க முடியாது.

சோற்றுக்கு வருகிறேன். மாப்பொருளைக் குறைப்பது நல்லதா, கொழுப்பைக் குறைப்பது நல்லதா என்ற சண்டை நெடுங்காலமாக நடக்கிறது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு வருடம் பின்தொடர்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டது: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாப்பொருளைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். இதுவும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. ஒவ்வொரு பிரிவிலும் நிறையக் குறைந்தவர்களும் இருந்தார்கள், கூடியவர்களும் இருந்தார்கள். நாளில் எட்டு மணிநேரத்துக்குள் மட்டும் சாப்பிடுவது பற்றிச் சீனாவில் நடந்த ஓர் ஆய்வும் 2022-இல் இதே போன்ற விடையைத் தந்தது: மொத்தச் சக்தி சமமாகக் குறைக்கப்பட்டபோது, நேரக் கட்டுப்பாடு தனியாகப் பெரிய நன்மை எதையும் சேர்க்கவில்லை. ஒருவர் எந்த முறையை மாதக்கணக்கில் விடாமல் பின்பற்ற முடிகிறதோ அதுவே அவருக்கு ஏற்ற முறை. பச்சரிசிச் சோறும் மீன் குழம்புமாக வளர்ந்த ஒருவருக்குச் சோறே இல்லாத வாழ்க்கை எத்தனை மாதம் நீடிக்கும் என்பதை நீங்களே மதிப்பிடுங்கள்.

சோற்றை விட்டுவிட்டோம் என்பவர்கள் பலர் இரவில் தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்ட பிட்டையோ, சொதி ஊற்றி ஏழெட்டு இடியப்பத்தையோ சாப்பிடுவதையும் காண்கிறேன். அவையும் அரிசிதான். குரக்கன் பிட்டு என்றால் அளவு பார்க்கத் தேவையில்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் கூட, சக்தி ஏறத்தாழ அரிசிக்குச் சமம். நான் சொல்வது இதுதான்: கோப்பையின் பாதியை வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை போன்ற கீரைகளாலும் காய்கறிகளாலும் நிரப்புங்கள், கால்பங்குக்குத் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு, மீதிக் கால்பங்குக்கு மீன், பருப்பு, கடலை, முட்டை இவற்றில் ஒன்று. சூடையும் கீரியும் பாரையும் புதிதாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு புரதமாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. மீனைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கிலோகலோரி இருக்கிறது. நிறை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து குறையும். போதிய புரதமும், நடையும், சிறிது பாரம் தூக்கும் பயிற்சியும்தான் அதைத் தடுக்கும். எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்றாலும் கேட்கிறேன்: ஒரு நாளைக்கு எத்தனை தேநீர்? இரண்டு கரண்டி சீனியும் இரண்டு கரண்டி பால்மாவும் போட்ட ஒரு குவளை ஏறத்தாழ 90 கிலோகலோரி. நான்கு குவளை குடித்தால் அது ஒரு சிறிய வேளைச் சாப்பாடு.

வெறும் வயிற்றில் அப்பிள் வினாகிரி குடிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் குழுவில் அடுத்ததாக அதுதான் வரும். 2024-இல் லெபனானில் இருந்து வெளிவந்து உலகெங்கும் பரவிய ஒரு கட்டுரை, 12 கிழமையில் பல கிலோ குறையும் என்றது. அதன் புள்ளிவிபரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டு, வெளியிட்ட சஞ்சிகையே 2025-இல் அதை மீளப்பெற்றுக்கொண்டது. மீளப்பெற்ற செய்தியை எவரும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை.

ஊசி வேறு வகை. செமாகுளுரைட் என்ற அந்த மருந்து குடலில் சுரக்கும் ஓர் ஓமோனைப் போல வேலை செய்து, பசியைக் குறைத்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. நீரிழிவு இல்லாதவர்களிடம் 68 கிழமையில் உடல் நிறையில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெற்று ஊசி போட்டவர்களிடம் அது 2.4 சதவீதம். எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்த எண். ஆனால் உங்களைப் போல நீரிழிவு உள்ளவர்களிடம் அதே அளவு மருந்தை அதே காலம் கொடுத்தபோது குறைந்தது 9.6 சதவீதம், வெற்று ஊசியில் 3.4 சதவீதம். இதுவும் நல்ல பலன்தான்; எந்தக் கப்சூலும் இதற்கு அருகில் வந்ததில்லை. ஓங்காளம், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். சதையி அழற்சி அரிதாக வரலாம். கருத்தரிக்க எண்ணுபவர்கள் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கிளிக்லசைட்டோடு சேரும்போது கிளிக்லசைட்டின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்தபோது, குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பியிருந்தது. இது ஒரு மாதச் செலவல்ல, ஆண்டுக்கணக்கான செலவு என்று எண்ணியே முடிவெடுக்க வேண்டும். செமாகுளுரைட்டின் வணிகப் பெயர்களில் ஒன்றான ஓசெம்பிக் என்ற பெயரில் போலி ஊசிகள் நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024-இல் எச்சரித்திருக்கிறது. ஆகவே வைத்தியர் எழுதித் தந்து, பதிவுபெற்ற மருந்தகத்தில் குளிரூட்டியில் இருந்து எடுத்துத் தருவதைத் தவிர வேறெந்த வழியில் வந்தாலும் தொடாதீர்கள்.

உங்களுக்கு நான் வைக்கும் முதல் இலக்கு 4 கிலோ, அதாவது உங்கள் நிறையில் 5 சதவீதம். அதை மூன்று மாதத்தில் அடைந்தால் போதும். குருதிக் குளுக்கோசிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரிய அது போதுமானது. கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், காலையில் மட்டும் நிறுங்கள். இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள், ஆசியப் பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. கிழமைக்கு 150 நிமிட நடை என்பது ஐந்து நாளில் அரை மணி. உங்களுக்கு உப்புவெளிக் கடற்கரையே இருக்கிறது. ஆனால் குளிசை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இறங்காதீர்கள், சட்டைப் பையிலோ கைப்பையிலோ இரண்டு இனிப்பு இருக்கட்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது மாப் பேணியையும் தேநீர்ப் பொதியையும் கப்சூல் போத்தலையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏசுவார் என்று ஒளிக்க வேண்டாம். மூன்று கிழமை கப்சூல் எடுத்திருப்பதால் ஈரல் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் செய்யும்படி கேளுங்கள். அதற்கிடையில் கண் மஞ்சளாகினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, வலப்பக்க மேல்வயிற்றில் நோவு இருந்தாலோ, திகதி பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மீதிக் கப்சூல்களைக் காசு கொடுத்து வாங்கியது என்று யோசித்து வேறு எவருக்கும் கொடுத்துவிட வேண்டாம். உங்களைச் சேர்த்துவிட்ட அந்த அக்கா என்ன குளிசைகள் எடுக்கிறார் என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.